பிட்டுக்குச் சாணை

திருச்செங்கோட்டில் போர்வெல் ரிக் வண்டி வைத்திருப்பவர்களிடம் பேச்சுக் கொடுத்தால் முதலில் டீசல் விலை வரும். அப்புறம் கம்ப்ரஸர், ராடு, ஆள் சம்பளம். துளையிடும் முனையான பிட்டுக்குச் சாணை பிடிப்பதைப் பற்றி நாமாகக் கேட்டால்தான் உண்டு. ராஜஸ்தான், சத்தீஸ்கர் வரை போய் போர் போட்டுக் கொடுக்கிற ஊர் இது. அத்தனை பெரிய வண்டியில் பாறையை உடைப்பதென்னவோ பிட்டின் முகத்தில் பதித்த கட்டைவிரல் பருமன் கார்பைடு பட்டன்கள்தான். அவற்றைச் சரிபண்ணித் தருகிறவரின் கைவேலைக்கு நம் பக்கம் உரிய மதிப்பு இல்லை. எனக்கு அது பெரிய வருத்தம்.

அரிவாளுக்குப் பிடிக்கிற சாணை இங்கே எடுபடாது. குருந்தக்கல் பொடியை அரக்கில் குழைத்து வார்த்த வட்டுதான் அந்தக் காலத்துச் சாணைக்கல். நாமக்கல் மாவட்டத்துச் சித்தம்பூண்டிப் பாறையிலேயே குருந்தம் உண்டு. கடினத்தை அளக்கும் மோஸ் அளவையில் குருந்தம் 9; எஃகு 6 சுமாருக்குத்தான் வரும். அதனால் சாணையில் எஃகு பணிந்துவிடுகிறது. பட்டனில் உள்ள டங்ஸ்டன் கார்பைடோ குருந்தத்துக்குச் சரிக்குச் சரி நிற்கும். “சாணைக்கல்லுல வெச்சா கல்லுதானுங்க தேயும்” என்றார் ஒரு பட்டறைக்காரர்.

பட்டனுக்கான இந்த இறுக்கிய கார்பைடு 1920-களில் ஜெர்மனியில் பிறந்தது. பல்பு இழைக்கான டங்ஸ்டன் கம்பியை இழுக்க வைர அச்சு தேவைப்பட்டது. அந்தச் செலவைக் குறைக்க மாற்று தேடியபோது, 1923-இல் ஆஸ்ராம் நிறுவனத்தின் கார்ல் ஷ்ரோட்டர் கார்பைடுப் பொடியைக் கோபால்ட்டோடு சேர்த்துச் சூட்டில் இறுக்கினார். க்ருப் நிறுவனம் அதை ‘விடியா’ என்று விற்றது. லேத் பட்டறைகளில் இன்றும் விடியா டூல்தான். வைரத்துக்கு மாற்றாக வந்த பொருள், தான் தேய்ந்ததும் வைரத்திடமே வந்து நிற்கிறது.

பிட்டைப் பாறையில் அடிக்கும் ஹேமர் நிமிடத்துக்கு ஆயிரம் அடிக்கு மேல் அடிக்கிறது. உருண்ட பட்டன் முனை சேலத்துச் சார்னகைட் பாறையில் மோதி மோதி மழுங்கி, தட்டையாகிப் பளபளக்கிறது. அந்தத் தட்டை, பட்டன் விட்டத்தில் மூன்றில் ஒரு பங்கை எட்டினால் பிட்டைக் கழற்றிவிட வேண்டும். இன்னும் நூறு அடி போகட்டும் என்று ஓட்டினால் துளை இறங்கும் வேகம் குறையும், டீசல் கூடும், பட்டன் மேல் பாம்புச் சட்டை போல நுண்விரிசல் பரவும். பிறகு ஒருநாள் பட்டன் உடைந்து குழிக்குள் விழும். ஓரத்துப் பட்டன்கள் தேய்ந்தாலோ குழியே குறுகிப் போகும். அதில் பாதியில் புது பிட்டை விட்டால் சிக்கிக்கொள்ளும்.

சாணை பிடிப்பதைப் பக்கத்தில் நின்று பார்த்தேன். பிட்டை மல்லாத்தி இறுக்கி, பட்டனைச் சுற்றியுள்ள எஃகை முதலில் கொஞ்சம் எடுத்துவிட்டார். கையடக்க கிரைண்டரின் நுனியில் ஒரு சின்னக் கிண்ணம், உட்குழிவு முழுக்க வைரத் துகள். பட்டன் அளவுக்கு ஏற்ற கிண்ணத்தை மாட்டி, தண்ணீரைத் திறந்துவிட்டு மேலே கவிழ்த்துச் சில விநாடி சுழற்றி எடுத்தார். தட்டை போய் உருண்டை வந்திருந்தது. விரலால் தடவிப் பார்த்துவிட்டு அடுத்ததற்குப் போனார். கொஞ்சம் அதிகம் தேய்த்தாலும் பட்டனின் உயரம் வீண். தண்ணீர் நின்று சூடேறினால் விரிசல் விழும். யந்திரம் உதவுகிறது, கை தீர்மானிக்கிறது.

தண்ணீர் பட்டனுக்காக மட்டும் அல்ல. கார்பைடும் கோபால்ட்டும் கலந்த தூசு நுரையீரலைத் தழும்பாக்கிவிடும். உலக சுகாதார அமைப்பின் புற்றுநோய் ஆய்வு முகமை 2006-இல் வெளியிட்ட தொகுப்பில் இந்தக் கலவையை மனிதர்க்கு அநேகமாகப் புற்றுநோய் தரக்கூடியவற்றின் வரிசையில் வைத்தது. முகத்தில் கட்டுகிற துண்டு இந்தத் தூசை நிறுத்தாது. நுண்தூசு வடிகட்டும் முகமூடி வேண்டும், தூசை இழுக்கும் விசிறி வேண்டும். வண்டி வெளிமாநிலம் போனால் மாதக்கணக்கில் திரும்பாது. கிரைண்டரும் கிண்ணங்களும் பெட்டியில் கூடவே போகின்றன. அதே பெட்டியில் ஒரு தண்ணீர்க் குழாயும் ஆளுக்கொரு முகமூடியும் வைத்து அனுப்புங்கள் என்று ரிக் உரிமையாளர்களைக் கேட்டுக்கொள்கிறேன்.