ஒரு கணினியும் நாலு கதவும்

இந்த மாதம் ஒரு பிழையைப் பற்றி எழுதுகிறேன். பிழை என்னுடையது.

ஆனையிறவுப் பக்கம் நான் வேலை செய்யும் கிராமத்தில் மாதர் சங்கத்துக்கு ஒரேயொரு கணினிதான். சங்கத்தின் சேமிப்புக் கணக்கு, உயர்தரம் படிக்கும் பிள்ளைகளின் ஒப்படை, என்னுடைய அறிக்கைகள் எல்லாம் அதிலேதான். கடவுச்சொல் கிடையாது. "எங்களுக்குள்ள என்ன ஒளிப்பு மறைப்பு" என்போம். கேட்க நன்றாகத்தான் இருந்தது.

உப்பளத்துக்கு வேலைக்குப் போகும் சகோதரி ஒருவர் ஒருநாள் மத்தியானம் வந்தார். கணவனின் அடி தாங்க முடியவில்லை. 2005ஆம் ஆண்டின் 34ஆம் இலக்க வீட்டு வன்முறைத் தடுப்புச் சட்டத்தின் கீழ் நீதவான் நீதிமன்றத்தில் பாதுகாப்புக் கட்டளை கேட்கலாம் என்று விளக்கினேன். அவர் சொல்லச் சொல்லத் தட்டச்சு செய்தேன். "மிச்சத்தை நாளைக்குச் சொல்லுறன் அக்கா, பிள்ளையள் பள்ளிக்கூடத்தால வந்திடுங்கள்" என்று போய்விட்டார். அந்த நேரம் எனக்குத் தொலைபேசி அழைப்பு வந்தது. வெளியே போய்ப் பேசிவிட்டு வந்தால், ஏதோ அச்செடுக்க வந்த பெண்ணொருவர் திரையின் முன்னால் இருக்கிறார். அவர் அந்தக் கணவனின் தமக்கை.

மறுநாள் அந்தச் சகோதரி வரவில்லை. மூன்றாம் நாள் வந்து, "வீட்டில தெரிஞ்சிட்டுது அக்கா" என்றார். அவ்வளவுதான் சொன்னார். பிள்ளைகளோடு தாய் வீட்டுக்குப் போயிருந்தார்.

சமூகவியல் படித்தவள், இரகசியம் காப்பது பற்றிப் பயிற்சி வகுப்பு நடத்துகிறவள் நான். ஒரு விசையை அழுத்தத் தெரியாமல் இருந்திருக்கிறேன்.

ஒரே கணினியில் ஆளுக்கொரு பயனர் கணக்கு வைக்கலாம். 2001இல் வந்த விண்டோஸ் எக்ஸ்பியிலிருந்து, ஒருவர் தன் வேலையை மூடாமலே மற்றவருக்கு இடம்விடும் வசதி இருக்கிறது. விண்டோஸ் விசையையும் எல் விசையையும் சேர்த்து அழுத்தினால் திரை பூட்டிக்கொள்ளும். அடுத்தவர் தன் பெயரைத் தெரிந்து தன் கடவுச்சொல்லோடு நுழைவார். உங்கள் கடிதம் திறந்தபடியே உள்ளே இருக்கும், அவர் கண்ணுக்குத் தெரியாது. உலையை இறக்காமல் குசினிக் கதவைச் சாத்திவிட்டுப் போவது போல. 'சைன் அவுட்' கொடுத்தால் உலையையும் இறக்கிவிட்டுப் போகிறீர்கள்.

இதில் ஒரு கரைச்சல் உண்டு. எங்கள் பொருளாளர் அக்கா இப்படிக் கதவைச் சாத்திவிட்டுச் சாப்பிடப் போனார். பின்னால் வந்த மாணவி தன் வேலை முடிந்ததும் கணினியையே நிறுத்தினாள். வேறொருவரும் உள்ளே இருக்கிறார், சேமிக்காதது அழிந்துபோகலாம் என்று ஆங்கிலத்தில் எச்சரிக்கை வந்தது. பிள்ளை வாசிக்காமலே சம்மதம் கொடுத்தாள். காலை முழுவதும் பதிந்த கணக்கு போய்விட்டது. கரண்ட் போனாலும் இதே கதிதான். ஆகவே முதலில் சேமியுங்கள், பிறகு பூட்டுங்கள். பழைய கணினியென்றால் இரண்டு மூன்று பேர் ஒரே நேரத்தில் உள்ளே இருக்க, நினைவகம் போதாமல் அது முனகத் தொடங்கும். அப்போது 'சைன் அவுட்'தான் நல்லது.

இன்னொன்றை எங்கள் சங்கத்தில் சொல்லக் கூச்சப்பட்டேன், ஆனாலும் சொன்னேன். நிர்வாகிக் கணக்கு வைத்திருப்பவர் மற்றவர்களின் கோப்புறைகளைத் திறக்க முடியும். எங்களுடையது, கணினியைப் பூட்டித்தந்த ஒரு தம்பியிடம் இருந்தது. நல்ல பிள்ளை. என்றாலும் கூட்டத்தில் பேசி, அந்தக் கடவுச்சொல்லை மாற்றித் தலைவியிடம் கொடுத்தோம். மற்ற நாலு கணக்கும் சாதாரணக் கணக்குகள்.

அந்தச் சகோதரி போன கிழமை திரும்ப வந்தார், விட்ட இடத்திலிருந்து எழுத. கதிரையில் இருக்கவில்லை. திரையைக் காட்டி, "இதில என்ர பேர் எங்கையும் தெரியுமோ அக்கா?" என்று கேட்டார்.

நுழைவுத் திரையில் கணக்குகளின் பெயர்கள் வரிசையாக நின்றன. ஒவ்வொன்றாக வாசித்துக் காட்டினேன். அதற்குப் பிறகுதான் இருந்தார்.