வயற் புகையும் சர்க்கார் திட்டமும்

அறுவடையான வயலில் நிற்கும் தாளைக் கொளுத்திவிடுவது செலவில்லாத வழியென்று குடியானவர்கள் எண்ணுவது இயல்பே. ஆனால் அப்புகை வரப்போடு நிற்பதில்லை. அது எங்கே சென்று யாருடைய கண்ணை மறைக்கும் என்பதைக் கொளுத்தியவர் அறியார்.

அமெரிக்காவில் ஆரிகன் ராஜ்யத்தைச் சேர்ந்த வில்லாமெட் பள்ளத்தாக்கு, புல் விதைச் சாகுபடிக்குப் பெயர் போனது. விதையைக் கெடுக்கும் பூஞ்சண நோய்களை அடக்கும் பொருட்டு, அங்குள்ள விவசாயிகள் அறுவடைக்குப் பின் வயல்களைக் கொளுத்தி வந்தனர். நோய் அடங்கியது, ஆனால் கோடைதோறும் புகை பள்ளத்தாக்கை மூடிற்று. 1988-ம் வருஷம் ஆகஸ்டு மாதம் 3-ந் தேதி, அவ்விதம் வைத்த தீ காவலை மீறிப் பரவியது. புகை பெருஞ்சாலையின்மேல் கவிந்தது. முன் செல்லும் வண்டி தெரியாமல் 23 மோட்டார் வண்டிகள் மோதிக்கொண்டன. 7 பேர் மாண்டனர்.

அதன்பின் அந்த ராஜ்யத்தார் செய்தது கவனிக்கத் தக்கது. 1991-ல் சட்டமியற்றி, கொளுத்தும் நிலப்பரப்பை ஒரே நாளிலன்றிப் படிப்படியாகக் குறைத்தனர். நிலத்தைப் பதிவு செய்து, கட்டணம் செலுத்தி, காற்றின் போக்கைப் பார்த்து அனுமதி கிடைத்த வேளையில் மட்டுமே தீ வைக்கலாம் என்ற ஒழுங்கை விவசாய இலாகாவே நடத்திற்று. தாளைக் கட்டுகளாகக் கட்டி, ஜப்பானுக்கும் கொரியாவுக்கும் மாட்டுத் தீவனமாக அனுப்பும் வியாபாரமும் வளர்ந்தது. 2009-ல், செங்குத்தான சரிவு நிலங்கள் முதலிய சில நீங்கலாக, அப்பள்ளத்தாக்கில் வயல் கொளுத்துவது தடுக்கப்பட்டது.

வெறும் தடையுத்தரவு திட்டமாகாது என்பதே எமது அபிப்பிராயம். தாளை வாரும் கருவியும், வாரிய தாளுக்கு விலையும் கிட்டாத குடியானவனுக்கு அபராதம் விதித்தால், அவன் பகலில் கொளுத்தியதை இரவில் கொளுத்துவான். அவ்வாறே, எல்லா வசதியும் வரட்டுமென்று நிலச்சொந்தக்காரர்கள் வாளாவிருப்பதும் நியாயமன்று. ஆரிகனில் போன உயிர்கள் அவ்விதம் காத்திருந்த காலத்திலேயே போயின.

நமது கிராமங்களிலும் கரும்புச் சோகையும், இயந்திர அறுவடைக்குப்பின் நெல் தாளும் கொளுத்தப்படுவதுண்டு. சாலையோர வயல்களையேனும் இப்போதே தீயினின்று விலக்குவது நிலச்சொந்தக்காரர்கள் கையில் இருக்கிறது. சோகையை மூடாக்காக இடலாம். தாளை மக்கவைத்து எருவாக்கலாம். வைக்கோல் கட்டும் இயந்திரத்தை ஊருக்குப் பொதுவாக வரவழைக்கக் கிராம அதிகாரிகள் முயலலாம். ஒரு விபத்து வந்துதான் நமக்குச் சட்டம் எழுத வேண்டுமென்பதில்லை.