வீட்டு வாய்மொழி வற்றலாமா?

ஒரு குடும்பத்தின் வரலாற்றை எந்த அரசும் எழுதி வைப்பதில்லை. அதற்குக் கல்வெட்டும் இல்லை, செப்பேடும் இல்லை. இரவு உணவு முடிந்தபின் திண்ணையிலோ முற்றத்திலோ அமர்ந்து, பாட்டி பெயர்த்திக்கும் தந்தை மகனுக்கும் சொல்லிய சொற்களே அதன் செப்பேடு. அச்சொற்கள் நின்றுபோன வீட்டில் பிறக்கும் பிள்ளை, தனக்குமுன் எவருமே வாழ்ந்திராத வீட்டில் பிறந்ததுபோல் வளர்கின்றது.

தமிழ்நாட்டு வீடுகள் பலவற்றில் இன்று அச்சொற்கள் நின்றுதான் போயின. திண்ணை இடிபட்டது. 1975-இல் சென்னைக்கு வந்த தொலைக்காட்சி, பின்னர் ஊர்தோறும் புகுந்து, உணவுக்குப் பிந்திய பொழுதை விழுங்கிற்று. எஞ்சியதைக் கைப்பேசி விழுங்குகின்றது. ஆயினும் பழி முழுவதையும் கருவிகளின் மேல் ஏற்றிவிட்டு ஒதுங்கிக்கொள்வது முறையன்று. சிற்றூரில் கூழுண்டு வளர்ந்து, நகரத்தில் அலுவலராய் அமர்ந்த தந்தை, தம் இளமையைப் பிள்ளைகளிடமிருந்து மறைக்கத் தொடங்கினாரே, அன்றே இக்கேடு தொடங்கிவிட்டது. கம்பங்கூழும் கிழிந்த அரைத்துணியும் இழிவு என அவர் கருதினார். அவற்றை மறைத்தபோது, அவற்றோடு ஒட்டியிருந்த கிணற்று நீச்சலும், நுங்கு வண்டியும், சுட்ட பனம்பழத்தின் மணமும் சேர்ந்தே மறைந்தன. வறுமையைக் கழித்துவிட்டு மகிழ்ச்சியை மட்டும் பிள்ளைக்குக் கொடுக்க எவராலும் இயலாது. இரண்டும் ஒரே பானையில் வெந்தவை.

இளமையை நினைந்து பேசுதல் தமிழர்க்குப் புதியதோர் உணர்வா? புறநானூற்றின் 243-ஆம் பாடலைப் பாடியவர், கோலூன்றி நடக்கும் முதியவர். இருமலுக்கிடையே சிலசில சொற்களே பேசவல்லவர். அவர் போரைப் பாடவில்லை. வள்ளல் ஒருவனையும் பாடவில்லை. மணலில் செய்த பாவைக்குப் பூச்சூட்டியதையும், தோழரும் தோழியருமாய்க் கைகோத்துக் குளத்தில் ஆடியதையும், மருதமரக் கிளையேறிக் கரையில் நின்றோர் வியக்க ஆழ்நீரில் குதித்து, அடிமணலை அள்ளிவந்து காட்டியதையும் பாடினார். அப்புலவரின் இயற்பெயரை உலகம் மறந்துவிட்டது. அவர் ஊன்றிய கோலைக் குறித்த சொற்றொடரே பெயராகித் தொடித்தலை விழுத்தண்டினார் என வழங்கப்படுகின்றார். பெயர் அழிந்தும் சிறுவயதுக் குதிப்பு அழியாமல் நிற்கின்றது. சொல்லப்பட்டதனாலன்றோ நிற்கின்றது!

நற்றிணையின் 172-ஆம் பாடல் இதனினும் நுட்பமானது. விளையாட்டில் வெண்மணலுள் அழுத்தி மறக்கப்பட்ட புன்னை விதையொன்று முளைக்கின்றது. அதற்கு நெய் கலந்த பாலூற்றி வளர்க்கின்றனர். வளர்ந்து நின்ற அம்மரத்தைக் காட்டித் தாய், இஃது உங்களுடன் பிறந்தவள், உங்களினும் சிறந்தவள் எனத் தன் பெண்ணிடம் சொல்லி வைக்கின்றாள். பின்னொரு நாள் தலைவன் அம்மர நிழலுக்கு வரும்போது, உடன்பிறந்தாள் முன்னிலையில் நகைத்து ஆடுதற்கு நாணுகின்றோம் எனத் தோழி மறுக்கின்றாள். தாய் அப்பெண்ணுக்கு அறநூல் எதனையும் ஓதவில்லை. நாணம் இது, ஒழுக்கம் இது என்று வகுப்பெடுக்கவுமில்லை. வீட்டுப் பழநினைவு ஒன்றை அன்போடு சொன்னாள்; அவ்வளவே. அந்நினைவு மரத்தை உறவாக்கிற்று. அவ்வுறவு பெண்ணின் நடையைத் திருத்திற்று.

அத்தகைய தாய்மொழிப் பேச்சுக்கு முதற்கருவி உறவுப் பெயர்கள். தந்தையுடன் பிறந்தவள் அத்தை. தாயுடன் பிறந்தவன் மாமன். தந்தைக்கு இளையவன் சிற்றப்பன். தாய்க்கு இளையவள் சின்னம்மை. ஒவ்வொரு பெயருக்கும் ஓர் உரிமையும் ஒரு கடமையும் உண்டு. பாட்டனின் பெயரை இட்டு வழங்கியதால் அன்றோ மகனின் மகன் பெயரன் ஆனான்! அச்சொல்லைச் சொல்லும்போதே இருதலைமுறை நினைவு வாயில் ஊறும். தாலாட்டும் மாமனையும் அத்தையையும் பாட்டியையும் ஒவ்வொருவராய் எண்ணிச் சொல்லியே பிள்ளையை உறங்க வைக்கும். தொட்டிலில் கிடப்பதற்குப் பாடம் நடத்தும் திறம் தமிழ்த் தாய்மாருக்கு இருந்தது.

இன்றோ சிற்றப்பனும், அண்டை வீட்டுக்காரரும், வழியில் எதிர்ப்பட்ட காவலரும் ஒரே 'அங்கிள்' ஆயினர். அத்தையும் சின்னம்மையும் கடைக்காரப் பெண்ணும் ஒரே 'ஆண்டி' ஆயினர். காது குத்தும்போது 'அங்கிள்' மடியில் அமர்ந்து அழுதாய் என ஒரு தாய் தன் மகளிடம் சொல்வாளாயின், அம்மகளுக்கு என்ன விளங்கும்? தாய்மாமன் மடி என்றால் அங்கே ஓர் உரிமை தெரியும்; சீர் கொண்டுவந்த கை தெரியும்; தமக்கையின் பிள்ளைக்காகச் செலவிட்ட அன்பு தெரியும். 'அங்கிள்' மடி என்றாலோ யாரோ ஒருவரின் மடி. சொல் கெட்டதும் நினைவும் உடன்கெட்டது.

பொருளிருந்தும் சொல்லிழந்தால் நேர்வது யாது என்பதற்குப் பல்லாங்குழியே சான்று. பதினான்கு குழிகளுடைய அப்பலகை, நகரத்துச் செல்வர் வீட்டு முன்னறையில் அழகுப் பொருளாய் வைக்கப்பட்டிருக்கின்றது. நான்கு காய் சேர்ந்த குழியைப் 'பசு' என்று சொல்லிப் பாட்டி அள்ளிக்கொண்டதைச் சொல்வார் இல்லை. ஆடத் தெரியாத வீட்டில் அது வெறும் மரத்துண்டு.

மற்றொரு காட்சி. கடல்கடந்து வாழும் மகனின் பிள்ளையோடு பாட்டி ஞாயிறுதோறும் கைப்பேசித் திரையில் பேசுகின்றாள். உண்டாயா, உறங்கினாயா, பள்ளி சென்றாயா என்னும் மூன்று வினாக்களோடு பேச்சு முடிந்துவிடுகின்றது. அன்பு குறைந்ததா? இல்லை. நான்காம் வினாவைத் தாங்கும் தமிழ் அப்பிள்ளையிடம் இல்லை. தன் மகன் எட்டு அகவையில் ஆட்டுக்குட்டியைத் தலையணையருகில் கிடத்திக்கொண்டு உறங்கியதைச் சொல்ல அவளுக்கு ஆசை. அதனைத் தன் மொழியிலன்றி அவளால் சொல்ல இயலாது. அம்மொழியில் அவனால் கேட்க இயலாது. இருவருக்குமிடையே அம்மகன் நிற்கின்றான், வாய் திறவாமல்! அவன் தமிழ் பேசி வளர்த்திருந்தால் அத்திரை பேசியிருக்கும்.

பெரியோரிடமும் பிழை உண்டு. எங்கள் நாளில் இப்படியா என்று தொடங்கி, பிள்ளையைப் பழிப்பதற்கே தம் இளமையை எடுத்துக்காட்டுவோர் பலர். அவ்வாறு சொல்லப்படுவது நினைவன்று, தண்டனை. எந்தப் பிள்ளையும் அதனை விரும்பிக் கேளாது. தாம் தோற்றதையும், அஞ்சியதையும், திருட்டு மாங்காய்க்கு அடிபட்டதையும் சொல்லும் பாட்டனிடமே பெயரர்கள் சூழ்ந்து அமர்வர். அவர் ஒரே கதையைப் பத்துமுறை சொல்கின்றாரே என முகம் சுளிப்போர், பதினோராம் முறை சொல்ல அவர் இல்லாதபோது, அந்த ஆட்டுக்குட்டியின் பெயரைக் கேட்க எங்கே செல்வர்?

மேடையில் தமிழ் முழங்கிவிட்டு, வீட்டில் பிள்ளைகளோடு பத்துச் சொல் பேசாத தமிழன்பர்களுக்கும் இது பொருந்தும். 1916-இல் மறைமலையடிகள் தனித்தமிழ்க் கொள்கையைக் கைக்கொண்டது எந்த மாநாட்டு முடிவாலும் அன்று. தந்தையும் மகள் நீலாம்பிகையும் வீட்டுத் தோட்டத்தில் உலவிய வேளையில், வள்ளலாரின் பாடலொன்றில் 'தேகம்' இருந்த இடத்தில் 'யாக்கை' இருந்திருப்பின் எத்துணை இனிமை என எழுந்த பேச்சே அதன் தொடக்கம். அம்மகளுக்கு அப்போது பதின்மூன்று அகவை.

நிழற்படங்களைச் சேர்த்து வைத்தால் போதும் என்பாரும் உளர். படம் முகத்தைக் காட்டும். அம்முகம் எதற்காகச் சிரித்தது என்பதைக் காட்டாது. பரணிலுள்ள பழம்படத்தை இந்த ஞாயிறன்றே இறக்கி, வீட்டிலுள்ள முதியவரின் கையில் கொடுக்கலாம். இவர் யார், என்ன முறை, அந்தக் கிணறு எந்தத் தோட்டத்தில் இருந்தது, நுங்கு வண்டிக்கு எந்த மரத்துக் கவைக்கோலை வெட்டினீர்கள் என்று ஒவ்வொன்றாய்க் கேட்கலாம். கேட்கும்போது பிள்ளைகளும் அருகில் இருக்கட்டும். விடை வரச் சற்றுப் பொழுதாகும். கைப்பேசியை அடுத்த அறையில் வைத்துவிட்டுக் காத்திருக்கலாம்.