மீன்முட்டிக்கு மேலே அணை இல்லை

பாறசாலை, நெய்யாற்றின்கரை வட்டாரத்து எல்லைக் கிராமங்களில் வளர்ந்த மாணவர்க்கு அருவி என்றால் முதலில் நினைவுக்கு வருவது திற்பரப்பு. களியக்காவிளையைத் தாண்டினால் எளிதில் சென்று சேரும் இடம் அது. கோதையாறு அங்கே அணைகளைக் கடந்து வருகிறது. பேச்சிப்பாறையில் உபரிநீர் திறக்கப்பட்டால் செய்தி முன்னரே வந்துவிடும்; குளிக்கத் தடையும் விதிக்கப்படும். அருவியின் ஆபத்தை யாரோ அளந்து அறிவிப்பார்கள் என்ற நம்பிக்கை இப்படித்தான் இவ்வட்டாரத்தாரிடம் ஊறியிருக்கிறது. அதே நம்பிக்கையோடு காட்டு ஓடைக்குப் புறப்படுவதுதான் கவலைக்குரியது.

நெய்யாறு நீர்த்தேக்கத்துக்கு அப்பால், 1958இல் அறிவிக்கப்பட்ட 128 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள வனவிலங்குச் சரணாலயத்துக்குள் மீன்முட்டி அருவியும் அதற்கும் மேலே கொம்பைக்காணி அருவியும் உள்ளன. வனத்துறையின் அனுமதியும் வழிகாட்டியும் இன்றிச் செல்ல இயலாது. மேலேறும் மீன் முட்டி நிற்கும் இடம் என்பதால் இப்பெயர் என்பர். தமிழ்க் காதுக்கு விளக்கமே தேவையில்லை. (இதே மாவட்டத்தில், பொன்முடிச் சாலையில் கல்லாற்றருகே இன்னொரு மீன்முட்டி உண்டு; வயநாட்டிலும் ஒன்று உண்டு. கைபேசி வரைபடத்தை மட்டும் நம்புவோர் இதைக் கவனிக்க வேண்டும்.)

இந்த அருவிகள் அணைக்கு மேலே இருப்பவை. அவற்றுக்கு மேல் மதகு இல்லை, சங்கொலி இல்லை. மலைமுகட்டில் பெய்யும் மழை நேராக ஓடைக்குள் இறங்குகிறது. நீர்ப்பிடிப்பு சிறிது, சரிவோ செங்குத்து. ஆகவே வெள்ளம் நிமிடக் கணக்கில் உயரும். அடர்ந்த மரக்கூரையின் கீழ், வெயில் பட்ட பாறையில் அமர்ந்து பொதிச்சோறு பிரிப்பவருக்கு முகட்டில் இடி இறங்குவது தெரியாமலே போகலாம். நீர் கலங்குவதும், சருகும் சுள்ளியும் மிதந்து வருவதும், இரைச்சல் தடிப்பதும்தான் அங்கே கிடைக்கும் அறிவிப்பு. அதைக் கண்ட பின்னர் படம் எடுக்க நின்றால் அக்கரையில் சிக்க நேரும்.

எந்த வானிலை அறிக்கையைப் பார்ப்பது என்பதிலும் குழப்பம் இருக்கிறது. 1956 நவம்பர் 1ஆம் நாள் விளவங்கோடு தமிழ்நாட்டோடு இணைந்தது. நெய்யாற்றின்கரை கேரளத்தில் நின்றது. மலை மட்டும் பிரியவில்லை: அகத்தியமலைத் தொடரின் ஒருபுறம் நெய்யாறாகப் பூவாறு நோக்கியும், மறுபுறம் கோதையாறாகக் குமரி மாவட்டத்துக்குள்ளும் நீர் இறங்குகிறது. ஆனால் எச்சரிக்கை சென்னையிலிருந்து ஒன்றும் திருவனந்தபுரத்திலிருந்து ஒன்றுமாக வெளியாகிறது. வீட்டில் தமிழ்ச் செய்தி பார்க்கும் பாறசாலை மாணவர் குமரி மாவட்டத்து மழையை அறிந்திருப்பார். தாம் ஏறப்போகும் சரிவுக்கான மஞ்சள், ஆரஞ்சு எச்சரிக்கையை அறியாதிருக்கலாம். இரண்டையும் பார்ப்பது ஐந்து நிமிட வேலை.

பருவத்தைப் பற்றியும் ஒளிவின்றிப் பேச வேண்டும். அருவி அழகாக இருப்பது ஐப்பசியில் என்பது உண்மை. அந்த மாதங்களில் காலை தெளிந்திருக்கும். பிற்பகலில் இடிமழை கொட்டும். 2001 நவம்பர் 9 இரவு, அதே மலையடிவாரத்து அம்பூரியில் மண் சரிந்து ஏறத்தாழ 40 பேர் மாண்டதும் இப்பருவத்தில்தான். தை, மாசியில் நீர் மெலிந்திருக்கும், படங்கள் ஏமாற்றமளிக்கும். ஆயினும் முதன்முறை செல்லும் குழுவுக்கு அதுவே ஏற்ற காலம். அகத்தியர்கூட மலையேற்றத்துக்குத் தை மாதத்தில் வழி திறப்பதும் காரணமின்றி அன்று.

துறைகள் நடத்தும் களப்பயணங்களில் இதைவிடச் சிக்கலான ஒன்று உண்டு: காட்டுக்குள் யார் சொல் இறுதியானது? வழிகாட்டியாக வரும் காணிக்காரர் “போதும், இறங்கலாம்” என்னும்போது, பேராசிரியர் “இன்னும் அரைமணி” என்றால் மாணவர் யார் பக்கம் நிற்பார் என்பது தெரிந்ததே. 1987இல் இம்மலையில் ஆய்வுக்குச் சென்ற அறிவியலாளர்கள் களைத்துத் தளர்ந்தபோது, உடன்வந்த காணிக்காரர் ஏதோ காயைத் தின்றபடி களைப்பின்றி நடந்தனர். அதைக் கவனித்துக் கேட்டதால்தான் ஆரோக்கியப்பச்சை ஆய்வுலகுக்குத் தெரியவந்தது. அதிலிருந்து உருவான ‘ஜீவனி’ மருந்தின் வருவாயில் காணிக்காரர்க்குப் பங்கு தரும் ஏற்பாடும் பின்னர் வந்தது. மூலிகைக்காக அவர்கள் சொல்லைக் கேட்ட கல்விப்புலம், இறங்கும் நேரத்துக்கும் கேட்பதில் தயங்க என்ன இருக்கிறது? பயணக் கணக்கில் அவர்களுடைய கூலி ‘இதரச் செலவு’ என்று கடைசி வரியில் கிடக்கும் வரை அந்தத் தயக்கம் நீடிக்கும்.

திட்டத்தைப் பின்னிருந்து எழுதினால் பலவும் நேராகும். பிற்பகல் ஒரு மணிக்கு ஓடையைவிட்டு நீங்கியாக வேண்டும் என்று முதலில் குறித்துக்கொண்டு, அதிலிருந்து ஏறும் நேரம், நீர்த்தேக்கம் சேரும் நேரம், பாறசாலையில் வண்டி ஏறும் நேரம் என்று கணக்கிட்டு வரலாம். அப்படிக் கணக்கிடும் குழு விடியுமுன்பே வெள்ளறடையைக் கடந்திருக்கும்.