ஒரே ஆய்வேடு, இரண்டு பல்கலைக்கழகங்கள்

இரு நாடுகளைச் சேர்ந்த இரண்டு பல்கலைக்கழகங்கள் பாடத்திட்டத்தைச் சேர்ந்தே வகுத்து, மாணவரைச் சேர்ந்தே மதிப்பிட்டு, இரண்டின் பெயரிலும் ஒரே சான்றிதழை வழங்கினால் அது கூட்டுப் பட்டம். படிப்பு ஒன்றாக இருந்து, இரு நிறுவனங்களும் தனித்தனிச் சான்றிதழ் தந்தால் அது இரட்டைப் பட்டம். மாணவர் படிப்பின் ஒரு பகுதியை மட்டும் வெளிநாட்டில் முடித்து, பட்டத்தை உள்ளூர்ப் பல்கலைக்கழகத்திடமே பெற்றால் அது ட்வின்னிங். கல்லூரி விளம்பரங்களில் மூன்றும் ஒன்றுபோல் பேசப்படுகின்றன. சட்டத்தின் பார்வையில் மூன்றும் வேறு வேறு.

இந்தியாவில் இவற்றுக்கான எல்லைகளைப் பல்கலைக்கழக மானியக் குழு 2022 மே மாதம் வெளியிட்ட விதிமுறைகள் வகுத்திருக்கின்றன. ட்வின்னிங்கில் வெளிநாட்டில் பெறும் கிரெடிட் மொத்தத்தில் 30 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது. கூட்டுப் பட்டத்தில் இரு நிறுவனங்களிடமும் தலா 30 விழுக்காடாவது பெற்றிருக்க வேண்டும். இரட்டைப் பட்டத்தில் இந்திய நிறுவனத்தின் பங்கு 30 விழுக்காட்டுக்குக் குறையக் கூடாது. தேசியத் தர மதிப்பீட்டு அமைப்பான நாக்கிடம் குறைந்தது 3.01 புள்ளி பெற்றவை, தேசியத் தரவரிசையான என்.ஐ.ஆர்.எஃப். பல்கலைக்கழகப் பட்டியலில் முதல் 100 இடங்களுக்குள் இருப்பவை, உயர்சிறப்பு நிறுவனம் என்ற தகுதி பெற்றவை ஆகியன, உலகத் தரவரிசையில் முதல் 1,000 இடங்களுக்குள் உள்ள வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்களுடன் மானியக் குழுவின் தனி அனுமதிக்குக் காத்திராமல் ஒப்பந்தம் செய்துகொள்ளலாம். இணையவழிப் படிப்புக்கும் தொலைநிலைப் படிப்புக்கும் இந்த விதிமுறைகள் பொருந்தாது.

முதுநிலைப் படிப்பில் பேச்சுவார்த்தை பெரும்பாலும் கிரெடிட் கணக்கைச் சுற்றியே நடக்கிறது. ஐரோப்பாவில் ஓராண்டு முழுநேரப் படிப்பு 60 கிரெடிட். ஒவ்வொன்றுக்கும் 25 முதல் 30 மணி நேர உழைப்பு. இந்தியாவின் தேசியக் கிரெடிட் சட்டகத்தில் ஓராண்டு என்பது 1,200 மணி நேரம், 40 கிரெடிட். பிரிட்டனின் ஓராண்டு முதுநிலைப் படிப்பு 180 கிரெடிட். ஐரோப்பியக் கணக்கில் அது 90. எண்ணுக்கு எண் மாற்றுவதில் பெரிய சிக்கல் இல்லை. இங்கே இரண்டாண்டு எம்.எஸ்சி., அங்கே ஓராண்டு எம்.எஸ்சி. என்று வரும்போது எந்தத் தாளைக் கைவிடுவது என்பதில்தான் இரு பக்கத்துத் துறைத் தலைவர்களும் முறைத்துக்கொள்கிறார்கள்.

ஐரோப்பா இந்தச் சிக்கலைப் பெருமளவு தாண்டியதற்குக் காரணம், அரசுகளே முதலில் இறங்கி வந்ததுதான். 1999இல் கையெழுத்தான போலோன்யா பிரகடனம் பட்டப் படிப்புகளின் அடுக்கை நாடுகளுக்கிடையே ஒப்பிடத்தக்கதாக்கியது. 2004இல் தொடங்கிய எராஸ்மஸ் முண்டஸ் திட்டம், பல நாடுகளின் பல்கலைக்கழகங்கள் சேர்ந்து நடத்தும் முதுநிலைப் படிப்புகளுக்கு நிதி தந்தது. மாணவர் செமஸ்டருக்குச் செமஸ்டர் நாடு மாறிப் படிப்பது அங்கே வழக்கமானது. ஒரே கூட்டுப் படிப்பை ஒவ்வொரு நாடும் தன் அளவுகோலால் தனியே சோதிக்காமல், பொது அளவுகோலால் ஒரே முறை மதிப்பிடலாம் என்று 2015இல் யெரெவான் மாநாட்டில் ஐரோப்பிய அமைச்சர்கள் ஏற்றுக்கொண்டார்கள். பிரான்ஸும் ஜெர்மனியும் இன்னும் ஒரு படி மேலே போயின. 1997ஆம் ஆண்டு வைமர் ஒப்பந்தத்தின் வழியே இரு அரசுகளும் உருவாக்கிய பிரெஞ்சு-ஜெர்மன் பல்கலைக்கழகத்துக்கு வகுப்பறை கிடையாது. சார்புருக்கனில் உள்ள அதன் தலைமையகம், இரு நாட்டு நிறுவனங்களும் சேர்ந்து நடத்தும் படிப்புகளைத் தேர்ந்தெடுத்து, தரம் பார்த்து, பணம் தருகிறது. வகுப்பறை இல்லாத பல்கலைக்கழகமா என்று சிரிக்கத் தோன்றலாம். கூட்டுப் பட்டத்துக்குத் தேவைப்பட்டது அதுதான்.

முனைவர் பட்டத்துக்கு வரும்போது கிரெடிட் கணக்கு பின்னுக்குப் போய்விடுகிறது. ஆய்வேடு ஒன்றுதான், அதை யார், எந்த விதிப்படி மதிப்பிடுவது என்பதே கேள்வி. இதற்குத் தெளிவான சட்ட வழியை முதலில் அமைத்த நாடுகளில் ஒன்று பிரான்ஸ். அங்கே கோட்யூடெல் எனப்படும் கூட்டு நெறியாள்கை முறைக்கு 1994இல் அரசாணை வந்தது. 2005இல் அது திருத்தி எழுதப்பட்டது. 2016 மே மாத அரசாணை அதை முனைவர் படிப்புக்கான பொதுச் சட்டத்தில் சேர்த்தது. ஒவ்வொரு நாட்டிலும் ஒரு நெறியாளர், இரு இடங்களிலும் மாறி மாறித் தங்கிச் செய்யும் ஆய்வு, ஒரே ஆய்வேடு, ஒரே வாய்மொழித் தேர்வு என்பது அதன் வடிவம். தேர்வுக் குழுவில் இரு நிறுவனங்களுக்கும் இடம் வேண்டும். வெளியாட்களும் இருக்க வேண்டும். ஆய்வேடு பிரெஞ்சு மொழியில் இல்லையென்றால் பிரெஞ்சில் ஒரு சுருக்கம் வேண்டும். மாணவரை ஒரே நேரத்தில் இரு இடங்களில் கல்விக் கட்டணம் செலுத்தும்படி கட்டாயப்படுத்தக் கூடாது என்பதும் அந்த ஆணையிலேயே இருக்கிறது. இந்திய விதிமுறைகளும் இதே திசையில்தான் போகின்றன: இரு பக்கமும் நெறியாளர், இரு நிறுவனங்களிலும் குறைந்தது ஒரு செமஸ்டர் வாசம், ஒரே ஆய்வேடு.

நடைமுறையில் இதற்கான ஏற்பாடு மூன்று அடுக்குகளில் நடக்கிறது. முதல் அடுக்கு புரிந்துணர்வு ஒப்பந்தம். இரு துணைவேந்தர்கள் கோப்புகளை மாற்றிக்கொண்டு கேமராவைப் பார்க்கும் படம் இந்த அடுக்கைச் சேர்ந்தது. பெரும்பாலும் இது எவரையும் எதற்கும் கட்டுப்படுத்தாது. படத்தோடு முடிந்துபோன ஒப்பந்தங்களும் உண்டு. இரண்டாவது, படிப்புக்கான ஒப்பந்தம்: சேர்க்கை, கட்டணம், மதிப்பீடு, சான்றிதழ் ஆகியவற்றின் விதிகளை இது வகுக்கும். மூன்றாவது, ஒவ்வொரு மாணவருக்கும் தனியே எழுதப்படும் ஒப்பந்தம்: ஆய்வுத் தலைப்பு, இரு நெறியாளர்களின் பெயர், எந்த மாதத்தில் எங்கே இருப்பது, பணம் எங்கிருந்து வருகிறது என்ற விவரமெல்லாம் இதில் அடங்கும். மாணவரின் கதி இந்த மூன்றாவது தாளில்தான் இருக்கிறது. ஆனால் மூன்றிலும் கடைசியாக, அவசர அவசரமாக எழுதப்படுவதும் அதுவே.

பேச்சுவார்த்தை வழக்கமாகச் சேர்க்கையில் தொடங்கி சான்றிதழில் முடிகிறது. அதைத் தலைகீழாக நடத்துவதே நல்லது. காரணம், இரு நாடுகளின் மரபுகள் மிகக் கடுமையாக மோதுவது மதிப்பீட்டில். பிரிட்டனில் நெறியாளர் தேர்வாளராக இருக்க முடியாது. வாய்மொழித் தேர்வு மூடிய அறைக்குள், இரண்டு மூன்று பேர் முன்னிலையில் நடக்கும். ஜெர்மனியில் ஆய்வேட்டை முதலில் மதிப்பிடுபவரே பெரும்பாலும் நெறியாளர்தான், தரநிலையும் வழங்கப்படும், ஆய்வேட்டைப் பதிப்பித்த பிறகே பட்டத்தைப் பெயருக்கு முன்னால் போட்டுக்கொள்ளலாம். பிரான்ஸில் வாய்மொழித் தேர்வு பொதுமக்கள் முன்னிலையில் நடக்கும். நெறியாளர் குழுவில் அமரலாம், முடிவெடுப்பதில் பங்கேற்க முடியாது. ஆஸ்திரேலியாவில் வெளித்தேர்வாளர்களின் எழுத்து அறிக்கையை வைத்தே முடிவெடுப்பது நெடுங்கால வழக்கம். வாய்மொழித் தேர்வு அங்கே பின்னால் மெல்ல மெல்ல வந்தது. இந்தியாவில் 2022 நவம்பர் முனைவர் பட்ட விதிமுறைகளின்படி நெறியாளரோடு குறைந்தது இரண்டு வெளித்தேர்வாளர்கள் மதிப்பிட வேண்டும். அதன்பின் வாய்மொழித் தேர்வு கட்டாயம்.

ஜெர்மன் பேராசிரியர் ஒருவரும் பிரிட்டிஷ் பேராசிரியர் ஒருவரும் சேர்ந்து நெறிப்படுத்தும் மாணவரை எடுத்துக்கொண்டால் சிக்கல் விளங்கும். முதலாமவர் பெரும்பாலும் தன் மாணவரின் ஆய்வேட்டுக்கு மதிப்பீட்டு அறிக்கை எழுதியே ஆக வேண்டும். இரண்டாமவர் எழுதவே கூடாது. தரநிலை ஒரு பக்கம் உண்டு, மறுபக்கம் இல்லை. ஒரு தேர்வாளர் ஆய்வேட்டை ஏற்று, மற்றவர் திருப்பி அனுப்பினால் எந்தப் பல்கலைக்கழகத்தின் விதிப்படி மூன்றாவது தேர்வாளரை அமர்த்துவது? ஒரு பக்கம் பட்டம் தரச் சம்மதித்து மறுபக்கம் மறுத்தால் என்ன ஆகும்? இவற்றுக்கு மாணவர் சேருவதற்கு முன்பே எழுத்தில் விடை இல்லையென்றால், நான்காம் ஆண்டில் இரண்டு பதிவாளர் அலுவலகங்களுக்கும் இடையே கடிதம் பறந்துகொண்டிருக்க, மாணவர் வேலைக்கு விண்ணப்பிக்க முடியாமல் காத்திருப்பார். பல பல்கலைக்கழகங்கள் கண்டிருக்கும் வழி ஒன்று உண்டு: மாணவரின் தாய் நிறுவனத்தின் மதிப்பீட்டு விதியையே முதன்மையாக ஏற்பது, மற்ற நிறுவனம் தன் செனட்டில் ஒரு விதிவிலக்குத் தீர்மானம் நிறைவேற்றி அதற்கு உடன்படுவது. இரு விதிகளையும் ஒட்டுப்போட்டுப் புதிதாக ஒன்றை உருவாக்குவதைவிட இது மேலானது. கௌரவத்தைக் கொஞ்சம் விட்டுக்கொடுத்தால் போதும்.

அடுத்தது பணம். பிரான்ஸின் அரசுப் பல்கலைக்கழகங்களில் முனைவர் படிப்புக்கான ஆண்டுக் கட்டணம் சுமார் 400 யூரோ. ஜெர்மனியில் பொதுவாகக் கட்டணமே இல்லை. செமஸ்டர் பங்களிப்புத் தொகை மட்டும் உண்டு. ஆஸ்திரேலியாவிலும் பிரிட்டனிலும் வெளிநாட்டு ஆய்வு மாணவருக்கான கட்டணம் இந்தியக் குடும்பம் ஒன்றால் தாங்க முடியாத அளவில் இருக்கும். ஆகவே அந்த நாடுகளுடன் கூட்டுப் பட்டம் என்பது கட்டண விலக்கு இருந்தால் மட்டுமே நடைமுறைக்கு வரும். கட்டண விலக்கு தந்தாலும் விமானச் செலவு, வாடகை, மருத்துவக் காப்பீடு, விசா ஆகியவை மிச்சமிருக்கும். மும்பை ஐஐடியும் மெல்பர்னின் மோனாஷ் பல்கலைக்கழகமும் 2008இல் தொடங்கிய ஆய்வகம் இதற்குக் கண்டுபிடித்த வழி கவனிக்கத்தக்கது. இரண்டும் சேர்ந்து மும்பை வளாகத்திலேயே தனி நிர்வாக அமைப்பை ஏற்படுத்தின, மாணவர் காலத்தின் பெரும்பகுதியை மும்பையில் கழித்து, சில மாதங்கள் மோனாஷில் ஆய்வு செய்கிறார், உதவித்தொகை கிடைக்கிறது, பட்டம் இரு நிறுவனங்களின் பெயரிலும் வருகிறது. டெல்லி ஐஐடி குவீன்ஸ்லாந்து பல்கலைக்கழகத்துடனும், சென்னை, கான்பூர், கரக்பூர் ஐஐடிகள் மெல்பர்ன் பல்கலைக்கழகத்துடனும் பின்னர் இதே போன்ற ஏற்பாடுகளுக்கு வந்தன. நெறியாளர்களின் நட்பை நம்பி நடக்கும் கூட்டு ஆய்வுக்கும், தனி அலுவலகமும் நிதியும் உள்ள ஏற்பாட்டுக்கும் உள்ள வேறுபாடு, ஒரு நெறியாளர் ஓய்வு பெறும்போதோ வேறு பல்கலைக்கழகத்துக்குப் போகும்போதோ தெரிந்துவிடும்.

காலண்டரும் ஒத்துப்போகாது. ஆஸ்திரேலியாவில் கல்வியாண்டு பிப்ரவரி மார்ச்சில் தொடங்கும்; இந்தியாவில் ஜூலை ஆகஸ்டில். ஆய்வு மாணவருக்கு இது பெரிய தடையில்லை. ஆனால் இந்தியாவில் முனைவர் மாணவர் குறைந்தது 12 கிரெடிட் பாடநெறியை முடிக்க வேண்டும் என்பதால், அதை முதல் ஆண்டிலேயே முடித்துவிட்டுப் பயணம் போவதே புத்திசாலித்தனம்.

அறிவுசார் சொத்துரிமையில் பொதுச் சொற்கள் போதாது. பொறியியல் ஆய்வில் காப்புரிமை எந்தப் பெயரில் பதிவாகும், கட்டுரையில் இரு நிறுவனங்களின் முகவரியும் இடம்பெறுமா, ஆய்வுக்குப் பணம் கொடுத்த நிறுவனம் ஆய்வேட்டை எத்தனை மாதம் வெளியிடாமல் நிறுத்திவைக்கலாம் என்பதெல்லாம் தெளிவாக எழுதப்பட வேண்டும். தாவரம், நுண்ணுயிர் போன்ற உயிரியல் வளங்களில் ஆய்வு என்றால் இன்னொரு வாசலும் உண்டு. 2002ஆம் ஆண்டின் உயிரினப் பன்மைச் சட்டப்படி வெளிநாட்டு நிறுவனம் இந்திய உயிரியல் வளத்தை ஆய்வுக்குப் பெற, சென்னையில் தலைமையகம் கொண்ட தேசிய உயிரினப் பன்மை ஆணையத்தின் முன்அனுமதி வேண்டும். மத்திய அரசின் வழிகாட்டுதல்படி ஏற்கப்பட்ட கூட்டு ஆய்வுத் திட்டங்களுக்கு மட்டும் விலக்கு இருக்கிறது. மண் மாதிரியைப் பெட்டியில் வைத்துக்கொண்டு விமானம் ஏறும் மாணவருக்கு இதை முன்கூட்டியே சொல்ல வேண்டியது நெறியாளரின் கடமை.

சான்றிதழ் என்பது பல்கலைக்கழகங்கள் எளிதில் விட்டுக்கொடுக்காத பொருள். அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகம் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகத்துடன் சேர்ந்து 2011இல் நிறுவிய இளநிலைக் கல்லூரி யேலின் பெயரைத் தாங்கியிருந்தது. ஆனால் பட்டம் சிங்கப்பூர் பல்கலைக்கழகத்துடையது மட்டுமே. 2021இல் சிங்கப்பூர் தரப்பு கூட்டை முடித்துக்கொள்ளத் தீர்மானித்தது; ஏற்கெனவே சேர்ந்திருந்தவர்கள் படிப்பை முடிக்கக் காலம் விட்டு, கல்லூரி 2025இல் மூடப்பட்டது. பெயரைத் தருவது வேறு, பட்டத்தைத் தருவது வேறு என்பதற்கும், கூட்டு முறிந்தாலும் மாணவரைக் கைவிடாமல் வெளியேறலாம் என்பதற்கும் இது சான்று. முனைவர் பட்ட ஒப்பந்தத்திலும் இத்தகைய வெளியேறும் விதி இருக்க வேண்டும்: ஒரு தரப்பு விலகினால், மாணவர் மற்ற நிறுவனத்தின் முழு மாணவராகத் தொடர்ந்து, அதுவரை செய்த வேலையை இழக்காமல் அங்கேயே பட்டம் பெறலாம் என்று. ஒரே ஆய்வேட்டுக்கு இரண்டு தனிச் சான்றிதழ்கள் தரப்படும்போது, இரண்டிலும் மற்ற நிறுவனத்தின் பெயரும் கூட்டு நெறியாள்கையும் குறிப்பிடப்பட வேண்டும். இல்லாவிட்டால் மாணவர் ஒரே ஆய்வுக்கு இரண்டு முனைவர் பட்டம் வாங்கியவராகத் தன்விவரக் குறிப்பில் தெரிவார்; அது நேர்மையும் ஆகாது.

தமிழ்நாட்டில் இந்த வாய்ப்பு இப்போதைக்கு ஐஐடி போன்ற மத்திய நிறுவனங்களுக்கும் வசதியுள்ள சில தனியார் நிகர்நிலைப் பல்கலைக்கழகங்களுக்கும்தான் எளிதாகக் கைகூடுகிறது. மாநிலப் பல்கலைக்கழகங்களில் நாக் புள்ளித் தகுதி உள்ளவை இருக்கின்றன. உலக அளவில் மதிக்கப்படும் ஆய்வுத் துறைகளும் இருக்கின்றன. ஆனால் கூட்டுப் பட்டத்துக்குத் தேவையான விதிவிலக்குத் தீர்மானம் ஆட்சிக்குழுவான சிண்டிகேட் வழியே போக வேண்டும். ஒப்பந்தத்தில் துணைவேந்தர் கையெழுத்திட வேண்டும். ஆளுநருக்கும் மாநில அரசுக்கும் இடையிலான நியமன அதிகாரச் சண்டையில் பல துணைவேந்தர் பதவிகள் காலியாகக் கிடந்தன. 2023 ஆகஸ்டில் துணைவேந்தரின் பதவிக்காலம் முடிந்த பிறகு சென்னைப் பல்கலைக்கழகம் நீண்ட காலம் ஒருங்கிணைப்புக் குழுவின் பொறுப்பிலேயே இயங்கியது. ஒரு மாணவரின் நான்கைந்து ஆண்டுகளுக்குப் பொறுப்பேற்கும் ஒப்பந்தத்தை, அடுத்த ஆண்டு யார் பொறுப்பில் இருப்பார் என்று சொல்ல முடியாத நிர்வாகத்துடன் பேச வெளிநாட்டுப் பல்கலைக்கழகங்கள் தயங்குவதில் வியப்பில்லை. சர்வதேசக் கூட்டுறவு மையங்களைத் திறப்பதற்கு முன் துணைவேந்தர் பதவிகளை நிரப்ப வேண்டும். மாநிலப் பல்கலைக்கழக மாணவருக்குக் கூட்டுப் பட்டம் எட்ட வேண்டுமானால் முதல் வேலை அதுதான்.