வண்ணச் சொல்லும் வளரும் விரலும்

கறுப்பு, சிவப்பு என்னும் சொற்கள் வெகுளியையும் குறிக்கும், நிறத்தையும் குறிக்கும் எனத் தொல்காப்பியர் உரியியலில் விதி வகுத்துள்ளார். நிறப்பெயர் என்பது வெறும் அடையாளச் சொல்லன்று. ஓர் இனத்தின் வாழ்வும் உணர்வும் அதனுள் உறைகின்றன என்பதற்கு இஃதொன்றே சான்றாகும். மஞ்சள் என்றால் நமக்குக் கிழங்கும் நிறமும் ஒருங்கே தோன்றுகின்றன. பச்சை என்பதோ நிறத்தோடு நில்லாது, பச்சைத் தண்ணீர், பச்சைப் பிள்ளை, பச்சைப் பொய் எனப் பல பொருளில் விரிகின்றது.

இச்சொற்களை நம் பிள்ளைகளுக்கு எங்ஙனம் வழங்குகிறோம்? மூன்று வயதுக் குழந்தை 'ரெட், புளூ, கிரீன்' என்று ஒப்பிக்கக் கேட்டுப் பூரிக்கிறோம். "நீலத் துணியை எடுத்து வா" என்று பாட்டி கேட்டால் அது விழிப்பதைப் பற்றி நாம் கவலை கொள்வதில்லை. அக்குழந்தையின் கையிலேயே பென்சிலைத் திணித்து, பக்கம் பக்கமாக எழுதவும் செய்கிறோம். பொருளைக் காணாத சொல், பழகாத விரலில் எழுத்து என்னும் இவ்விரண்டும் ஒரே பிழையின் இரு முகங்களே என்பது நம் கருத்து.

மணிக்கட்டில் எட்டுச் சிற்றெலும்புகள் உள்ளன. பிறக்கும்போது அவை குருத்தெலும்பாகவே இருக்கின்றன. ஆண்டுகள் பல கடந்தே ஒவ்வொன்றாக இறுகுகின்றன. கட்டைவிரலும் சுட்டுவிரலும் நடுவிரலும் இணைந்து ஒன்றைப் பற்றும் ஆற்றல் விளையாட்டாலும் வேலையாலும் வருவது, அதட்டலால் வருவதன்று.

இவ்வுண்மையை நன்குணர்ந்தவர் இத்தாலிய மருத்துவர் மரியா மாண்டிசோரி அம்மையார். 1907-இல் உரோமாபுரியில் ஏழைத் தொழிலாளர் குடியிருப்பில் குழந்தைகள் இல்லத்தைத் தொடங்கிய அவர், 1939-இல் சென்னை அடையாற்றுக்கு வந்து ஆசிரியர்க்குப் பயிற்சி அளித்தார். அவர் அமைத்த வண்ணப் பலகைகள் மூன்று பெட்டிகளில் உள்ளன. முதற்பெட்டியில் சிவப்பு, மஞ்சள், நீலம் என மூன்று இணைகள். இரண்டாவதில் பதினோர் இணைகள். மூன்றாவதில் ஒன்பது நிறங்கள், நிறத்திற்கு ஏழு சாயலாக 63 பலகைகள். வண்ணப் பரப்பைத் தொடாமல், ஓரத்தை மட்டும் விரல்நுனியாற் பற்றி எடுக்க வேண்டும். கண் நிறத்தை ஒப்பிடும்போதே விரலும் பயிற்சி பெறுகிறது.

பெயர் கற்பிக்கவும் ஒரு முறை உண்டு. பிரெஞ்சு மருத்துவர் செகெனிடமிருந்து அம்மையார் பெற்றது அது. "இது சிவப்பு" என்று காட்டுவது முதற்படி, "சிவப்பு எது?" என்று கேட்டு எடுக்கச் செய்வது இரண்டாம் படி, "இது என்ன நிறம்?" என்று வினவுவது மூன்றாம் படி. நாமோ பெரும்பாலும் முதலிரு படிகளையும் தாண்டி மூன்றாவதிலேயே குதிக்கிறோம். விடை வாராதபோது சினக்கிறோம்.

அண்மைக் கால ஆய்வொன்றும் இங்கே கருதத்தக்கது. ராம்ஸ்கர் முதலிய உளவியலறிஞர் ஆங்கிலம் பேசும் குழந்தைகளிடையே செய்த ஆய்வில், பொருளை முன்னும் நிறத்தைப் பின்னும் சொன்னபோது குழந்தைகள் நிறப்பெயரை நன்கு கற்றதாகக் கண்டனர். "சிவப்புப் பந்து" என்பதினும் "இந்தப் பந்து சிவப்பு" என்பது பயன் தருவதாகலாம். வினைச்சொல்லின் துணையின்றியே இவ்வாறு முடிக்கும் வசதி நம் தமிழுக்கு இயல்பாகவே அமைந்துள்ளதன்றோ!

"ஆங்கிலம் வேண்டாவா? பிரான்சுக்கும் வளைகுடாவுக்கும் செல்லும் ஊராயிற்றே" எனப் பெரியோர் சிலர் வினவலாம். வேண்டும் என்பதே நம் விடை. ஆயின், பொருளின் வடிவையும் பயனையும் விடுத்து நிறத்தை மட்டும் பிரித்தறிவதே குழந்தைக்குக் கடினமான செயல். வீட்டு மொழியில் அது கைவந்தபின், அதே நிறத்திற்கு மற்றொரு பெயரைச் சேர்ப்பது எளிது. 2020-ஆம் ஆண்டின் தேசியக் கல்விக் கொள்கையும், இயன்ற இடங்களில் ஐந்தாம் வகுப்பு வரையேனும் தாய்மொழி வழிக் கற்பித்தலையே கூறுகிறது.

இதற்கு விலையுயர்ந்த பெட்டிகள் தேவையில்லை. தையற்கடையில் எஞ்சும் துணித் துண்டுகளை நிறவாரியாகப் பிரிக்கலாம், நூலில் பெரிய மணிகளைக் கோக்கலாம், வண்ணத் தாளைக் கிழித்து ஒட்டலாம், துணிக் கிளிப்பை அதே நிறத் துணியில் மாட்டலாம், களிமண் பிசையலாம். பூத் தொடுப்பதும் கோலப்பொடியைச் சிட்டிகையால் எடுத்துக் கோடிழுப்பதும் நம் மண்ணின் விரற்பயிற்சிகளே. ஆனால் இரண்டு எச்சரிக்கைகள் உண்டு. மூன்று வயதிற்குட்பட்டோர் கையில் சிறு மணிகளைக் கொடுத்தலாகாது, தொண்டையில் சிக்கும். சிவப்பும் கறுப்புமாய் அழகு காட்டும் குன்றிமணி கொடிய நஞ்சு. அதை எவ்வயதுக் குழந்தைக்கும் கொடுத்தலாகாது.

மற்றொன்றும் நினைவிற்கொள்ளத் தக்கது. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய இயலாத குறை சிலர்க்குப் பிறவியிலேயே உண்டு. ஆண் குழந்தைகளிடையே அது மிகுதி. பன்முறை சொல்லியும் மயங்கும் பிள்ளையை மந்தபுத்தி என்று இகழாமல் கண் மருத்துவரிடம் காட்டுவதே அறிவுடைமை.

அங்கன்வாடிகள் வழியாகச் செயற்படும் ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் 1975-இல் தோன்றியது. ஊட்டத்தோடு பள்ளிமுன் கல்வியும் அதன் கடமையே. தமிழ் பயிலும் மாணவர்கள் திங்களுக்கு ஒரு நாளேனும் அண்மையிலுள்ள அங்கன்வாடிக்குச் சென்று, வண்ணச் சொற்களைக் கைவேலையோடு சேர்த்துக் கற்பிக்கலாம். மழலையர் பள்ளிகளை நடத்தும் பெரியோர்கள், எழுதுவித்தலைச் சற்றே தள்ளிவைத்து, அந்நேரத்தை விரலின் விளையாட்டிற்கு ஈயலாம். தமிழ் வளர்ச்சி குறித்து மேடைதோறும் முழங்கும் நாம், அவ்வளர்ச்சி மூன்று வயதுக் குழந்தையின் விரல்நுனியில் தொடங்குகிறது என்பதை உணர்ந்து செயற்படுவோமாக!