தள்ளிப்போட முடியாத பார்வை

2020 மார்ச்சில் ஊரடங்கு தொடங்கியபோது, தள்ளிப்போடத்தக்க சிகிச்சைகளில் ஒன்றாகக் கண்புரை அறுவை சிகிச்சையும் நிறுத்தப்பட்டது. தொற்றின் இயல்பே பிடிபடாத அந்த முதல் வாரங்களில் அது சரியான முடிவுதான். புரை நோயாளிகளில் பெரும்பாலோர் வயதானவர்கள், சர்க்கரையோ ரத்த அழுத்தமோ உள்ளவர்கள். கொரோனா அதிகம் பலிகொண்டதும் அத்தகையவர்களையே. தவறு அதன் பிறகு நேர்ந்தது. சில வாரங்களுக்கான ஏற்பாடு, அலைக்கு அலை நீண்டுகொண்டே போனது. பெங்களூரில் விக்டோரியா மருத்துவமனை கொரோனாவுக்கு ஒதுக்கப்பட்டது. 2021 மே மாதம் கருப்புப் பூஞ்சை பரவியபோது கண் மருத்துவர்களின் நேரம் அதற்கே போனது. 2020-21இல் நாடு முழுவதும் கண்புரை அறுவை சிகிச்சைகள் முந்தைய ஆண்டின் ஏறக்குறைய பாதியாகச் சரிந்தன.

புரையால் போன பார்வையை எப்போது வேண்டுமானாலும் மீட்கலாம் என்ற நம்பிக்கையே இந்தத் தாமதத்துக்கு நியாயமாகச் சொல்லப்பட்டது. அது பாதி உண்மை. முற்றிய புரை உப்பி, கண்ணுக்குள் நீர் வடியும் பாதையை அடைக்கும். அல்லது அதன் புரதம் கசிந்து அதே பாதையைத் தடுக்கும். கண்ணின் அழுத்தம் ஏறிப் பார்வை நரம்பு கருகிவிட்டால், பிறகு எவ்வளவு நல்ல லென்ஸ் வைத்தாலும் பயனில்லை. ஊரடங்குக்குப் பின் இத்தகைய நோயாளிகள் கூடுதலாக வந்ததைத் தென்னிந்தியக் கண் மருத்துவர்கள் மருத்துவ இதழ்களில் பதிவுசெய்திருக்கிறார்கள். அழுத்தம் ஏறி வலியில் துடித்து வந்தால் அவசர சிகிச்சை. அந்த நிலை வராமல் காக்கும் சிகிச்சையோ தள்ளிப்போடத்தக்கது! இந்த முரண்பாட்டை இனியும் அனுமதிக்கக் கூடாது. இரு கண்ணிலும் பார்வை இழந்தவர்களையும், ஒரே கண்ணை நம்பி வாழ்பவர்களையும், புரை முற்றியவர்களையும் தள்ளிப்போடத்தக்கோர் பட்டியலிலிருந்து கர்நாடக அரசு எழுத்துப்பூர்வமாக நீக்க வேண்டும்.

இழப்பு எல்லோருக்கும் ஒன்றுபோல் இல்லை. பணம் கட்டக்கூடியவர் தனியார் மருத்துவமனை திறந்த மறுநாளே போக முடிந்தது. கோலார், துமகூரு பக்கத்துக் கிராமத்தவருக்குக் கண் மருத்துவம் என்பது முகாமும், அங்கிருந்து நகரத்துக்கு அழைத்துவரும் பேருந்தும்தான். முகாம் நின்றதும் அவர்களுக்கு வழியே அடைபட்டது. இந்தியாவில் 50 வயதைக் கடந்தோரின் பார்வையிழப்பில் 66.2 சதவீதத்துக்குப் புரையே காரணம் என்று 2015-19 தேசியக் கணக்கெடுப்பு சொல்கிறது. அவர்களில் முகாமைவிட்டால் வேறு வழியற்றவர்களே, அதிலும் துணைக்கு ஆள் இன்றி வெளியே போக முடியாத மூதாட்டிகளே, நெடுங்காலம் இருட்டில் இருந்தார்கள்.

ஆக்சிஜனுக்கே மக்கள் அல்லாடியபோது கண்ணைப் பற்றி யோசிக்க முடியுமா என்று கேட்கலாம். நியாயமான கேள்வி. ஆனால் புரை சிகிச்சை வென்டிலேட்டரையோ தீவிர சிகிச்சைப் படுக்கையையோ கேட்பதில்லை. பெரும்பாலும் கண்ணை மட்டும் மரக்கச் செய்தால் போதும். அன்றே வீடு திரும்பலாம். ஒரு நூற்றாண்டைக் கடந்த மின்டோ போன்ற தனிக் கண் மருத்துவமனை உள்ள பெங்களூரில், தொற்று இல்லாத சில அறுவை அரங்குகளையும், நோயாளிகளை அழைத்துவரச் சில வண்டிகளையும் காப்பாற்றி வைப்பது பெரிய காரியமல்ல. இரண்டாம் அலையின் உச்சம் போன்ற நேரத்தில் சில வாரங்கள் அதையும் நிறுத்த நேரலாம். நிறுத்தினால் மீண்டும் தொடங்கும் நாளையும் சேர்த்தே அறிவிக்க வேண்டும்.

தேக்கம்தான் தீர்ந்துவிட்டதே என்பது இன்னொரு வாதம். 2022-23இல் நாடு முழுவதும் 75 லட்சம் என்ற இலக்கைத் தாண்டி 83 லட்சத்துக்கு மேல் அறுவை சிகிச்சைகள் நடந்தன. பாராட்ட வேண்டிய உழைப்பு அது. ஆனால் அந்த எண் அறுவை செய்த கண்களைச் சொல்கிறது, அவற்றில் எத்தனை பார்க்கின்றன என்பதைச் சொல்லவில்லை. காத்திருந்தே நரம்பு கெட்டவர்களும், வராமலே இறந்துபோனவர்களும் அதில் இல்லை. இலக்கை எட்டும் வேகத்துக்கு ஆபத்தும் உண்டு. 2019 ஜூலையில் மின்டோவில் ஒரே நாளில் புரை நீக்கிக்கொண்டோரில் பலர் பாதிக்கப்பட்டு, சிலர் பார்வை இழந்ததை இந்த நகரம் கண்டிருக்கிறது. எனவே அறுவைக்குச் சில வாரங்கள் கழித்து நோயாளிக்கு எவ்வளவு பார்வை தெரிகிறது என்பதை மருத்துவமனைவாரியாக அரசு வெளியிட வேண்டும். 2024 பிப்ரவரியில் ஹாவேரியில் முதல்வர் சித்தராமையா தொடங்கிவைத்த ‘ஆஷா கிரண’ திட்டம் வீடு வீடாகக் கண் பரிசோதனை செய்கிறது. அந்தப் பட்டியலிலேயே முற்றிய புரை உள்ளோரைத் தனியே குறித்து வைத்தால், அடுத்த ஊரடங்கின் முதல் வாரத்தில் யார் வீட்டுக்கு வண்டி அனுப்ப வேண்டும் என்பது சுகாதாரத் துறைக்கு அன்றே தெரிந்திருக்கும்.